ஏரிக்கரைக்கு இரண்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதப் பேனா நகரவில்லை. நீ அங்கே நலமாகத்தான் இருப்பாய். மலைக்காற்று உண்டு, மௌனம் உண்டு, அம்மாவின் வாய் கிடையாது. நலத்துக்கு என்ன குறை?

உன் கடிதத்தை வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று படித்தேன். படித்ததில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றை மறந்து தெருமுனை வரை நடந்துவிட்டேன். "ஒரு வருஷம் மட்டும் இருந்துட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவள், இப்போது ஆயுசு முழுக்க அந்த மலைத் தியான இல்லத்திலேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதுகிறாய். அதுவும் எப்படி? நடுவில், நான்காவது பத்தியில், ஏதோ சோப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி. பெற்ற வயிறு பற்றி எரிகிறதடி.

அங்கே ஒரு விதி இருப்பதாகவும் எழுதியிருந்தாய். நிரந்தரமாகத் தங்க விரும்புகிறவர்களின் வீட்டில் எல்லாரும் முழு மனதோடு சம்மதம் என்று தங்கள் கைப்பட எழுதி அனுப்ப வேண்டும், ஒருவர் மனம் கசந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று. அந்த விதியைப் போட்டவர் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். உன் அப்பா பணிமனையிலிருந்து வந்து, கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல், "அவளுக்குப் பிடிச்சிருந்தா இருக்கட்டுமே" என்று சொல்லி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். டீக்குச் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டால்கூட அந்த மனுஷன் கொஞ்சம் யோசிப்பார். அந்த யோசனைகூட இல்லாமல் இதற்குச் சரி என்றார். நான் எழுதமாட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பதில் இதுதான்: முடியாது. வீட்டுக்கு வா.

உன் அறையை நீ போன அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கிறேன். கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுவேன். உன் நாற்காலியில் ஒருவரையும் உட்கார விடுவதில்லை. என் டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்து அறையில் அறிவிப்புச் சொல்கிற மைக் அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்தவள் தெரியாமல் அதில் உட்காரப் போனாள். நான் போட்ட சத்தத்தில் அவளே ஆடிப்போய்விட்டாள். பேருந்து நிலையம் முழுவதையும் தன் சத்தத்தால் ஆட வைக்கிறவள்!

"அங்கே என்னதான் செய்கிறாய்?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ என்ன பதில் எழுதினாய்? "பார்க்கக் கற்றுக்கொள்கிறேன், அம்மா." ஏன்டி, கண் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் பார்க்கத் தெரியுமே, அதற்கு மலை ஏற வேண்டுமா? போதாததற்கு எனக்கும் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாய். தினமும் ஏதாவது ஒரு பொருளை, அதன் பெயரையோ விலையையோ உபயோகத்தையோ நினைக்காமல், கொஞ்ச நேரம் சும்மா பார்க்க வேண்டும். பழகிய பிறகு அதே மாதிரி மனிதர்களைப் பார்க்க வேண்டும். அப்படித்தானே?

சரி. நீ என் மகள் என்றால் நான் உன் அம்மா. ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோம். நீ சொன்னபடி நான் செய்கிறேன், ஒரு நாள் விடாமல் செய்கிறேன். செய்து முடித்துவிட்டு, பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை என்று நான் எழுதினால், நீ மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைக் கட்ட வேண்டும். உன் அம்மா பொய் சொல்லமாட்டாள் என்று உனக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்திலாவது நம்பிக்கை வை.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

கோபம் ஆறாத,
உன் அம்மா

*

அன்பு மகளுக்கு,

பந்தயம் எப்படிப் போகிறது என்று கேட்டு எழுதியிருந்தாய். அந்தக் கேள்விக்குள் நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

முதல் நாள் ஒரு வெங்காயத்தை எடுத்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். பெயரை நினைக்கக் கூடாது என்றாயா, வெங்காயம் வெங்காயம் என்று மனசு கத்திக்கொண்டே இருந்தது. பிறகு கிலோ என்ன விலை என்று கத்தியது. அப்புறம் அதுவும் களைத்துப்போய்ச் சும்மா இருந்தது. அப்போதுதான் தோலில் ஓடுகிற கோடுகளைப் பார்த்தேன். அடியிலிருந்து கிளம்பி மேலே ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன, ஒன்றுகூட வழி தவறவில்லை. தோலுக்குள் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு நிறம். அந்த நிறத்தில் எனக்கு ஒரு புடவை வேண்டும் என்று எத்தனையோ கடை ஏறி இறங்கியிருக்கிறேன். அந்தச் சமயம் பார்த்துப் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. உன் அப்பா ஓடி வந்து, "என்ன ஆச்சு, எதை அப்படிப் பாக்குற?" என்றார். "வெங்காயத்தை" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தார். பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்து ஒரு செடி. நான்காவது நடைமேடையின் மூலையில், வாய்க்கால் கல்லுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சின்னச் செடி முளைத்திருக்கிறது. பெயர் தெரியாது, அதனால் நினைக்காமல் இருப்பதும் சுலபமாக இருந்தது. பேருந்துச் சக்கரம் தினமும் அதை உரசாத குறையாகப் போகிறது. வேலை முடிந்து கிளம்பும்போது குனிந்து பார்த்தேன். இலை எல்லாம் சோர்ந்து மூடியிருந்தது. ஐயோ, வாடிவிட்டதே என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். காலையில் போய்ப் பார்த்தால் ஜம்மென்று விரிந்து நிற்கிறது. சாயங்காலம் மறுபடியும் மூடிக்கொண்டது. அது வாடவில்லையடி, தூங்குகிறது! வெளிச்சம் குறைந்ததும் எதிரெதிர் இலைகள் இரண்டு உள்ளங்கைகளைச் சேர்க்கிற மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. நான் தினமும் அதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

மறுநாள் உன் அப்பாவை வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். இரண்டு பேரும் நடைமேடையில் குந்தி உட்கார்ந்து, அது மூடுகிற நேரத்துக்காகக் காத்திருந்தோம். அந்த வழியே வந்த நடத்துனர், "என்னம்மா, காசு விழுந்துடுச்சா?" என்று கேட்டு அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார். உன் அப்பா வாயைத் திறந்து, "இல்ல தம்பி, ஒருத்தங்க தூங்கப் போறாங்க, அதைப் பாக்குறோம்" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் எழுந்திருக்கவே முடியவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷன் இப்படி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இனி மனிதர்கள் கதை. என் கவுண்டர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். முன்னால் ஒரு கண்ணாடி. அதில் கட்டண விவரம், நேர மாற்றம், சில்லறை தரவும், வரிசையில் வரவும் என்று காகிதத்தின் மேல் காகிதமாக ஒட்டி, கண்ணாடி என்பதே மறந்துபோய்விட்டது. கீழே அரைவட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கைகள் மட்டும் வரும். யார் எந்த ஊருக்குப் போகிறவர் என்று கையைப் பார்த்தே எனக்குத் தெரியும். மோதிரம் போட்ட தடித்த கை வந்தால் சந்தை. சுண்ணாம்பு காய்ந்த கை வந்தால் புதுக் குடியிருப்பு. வாயைத் திறப்பதற்குள் டிக்கெட்டைக் கிழித்து வைத்துவிடுவேன். அதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று உனக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் கைகளில் ஒன்றுக்காவது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

முதலில் கழுத்தை வளைத்து ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். ஆட்கள் மிரண்டார்கள். ஒரு பெண், "ஏம்மா, கள்ள நோட்டா?" என்று கேட்டாள். கழுத்தும் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு பிளேடும் சோப்புத் தண்ணீரும் கொண்டுபோய், உட்கார்ந்து அத்தனை காகிதத்தையும் சுரண்டி எடுத்துவிட்டேன். கட்டண விவரத்தை மட்டும் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். மேற்பார்வையாளர் வந்து, "அம்மா, அறிவிப்பெல்லாம் எங்கே?" என்று குதித்தார். "அதை யாராவது படிச்சு நீங்க பாத்திருக்கீங்களா சார்?" என்றேன். யோசித்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ்வளவு முகம்! சுண்ணாம்புக் கைக்காரர் இத்தனை இளவயதாக இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. மோதிரக் கைக்காரருக்கு ஒரு பக்கம் மட்டும் கன்னத்தில் குழி விழுகிறது. ஒவ்வொரு முகமும் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து என் முன்னால் ஒரு கணம் நின்றுவிட்டுப் போகிறது. இவர்களை எல்லாம் யாரோ ரொம்ப நேரம் எடுத்து, ஆசையாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. வரிசையில் நின்றவர் பாக்கியைக் கொடுங்கள் என்று தட்டும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இதை வைத்து ஜெயித்துவிட்டதாகத் துள்ளாதே. ஒன்றும் இல்லை என்று எழுத முடியவில்லை, அவ்வளவுதான். ஏதோ இருக்கிறது. ஆனால் அது இங்கேயே, பேருந்து நிலையத்திலேயே இருக்கிறதே! அதற்கு மலை எதற்கு? வீட்டுக்கு வா. சேர்ந்து பார்ப்போம்.

கொஞ்சம் கோபம் குறைந்த,
அம்மா

*

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தைக் கனத்த மனதோடு எழுதுகிறேன்.

புதன்கிழமை தோறும் காலையில் இரண்டு கைகள் வரும் என்று உன்னிடம் எப்போதாவது சொல்லியிருப்பேன். ஒன்று பெரிய கை, கட்டைவிரல் நகம் தட்டையாக இருக்கும். அது நோட்டை நீட்டும். உடனே ஒரு சின்னக் கை, மணிக்கட்டில் சூடுபட்ட தழும்போடு, அதன் மேல் சரியான சில்லறையை வைக்கும். ஏரிக்கரைக்கு இரண்டு. பேச்சே கிடையாது. பச்சை டிக்கெட்டில் இரண்டைக் கிழித்து வைத்துவிடுவேன். தட்டையான நகத்தைக் கண்டாலே என் விரல் தானாகப் பச்சைக் கட்டுக்குப் போய்விடும்.

இந்தப் புதன்கிழமை வந்தார். நானும் வழக்கம்போல இரண்டைக் கிழித்து வைத்தேன். இப்போது கண்ணாடி சுத்தமாக இருக்கிறதே, நிமிர்ந்து பார்த்தேன். வயதானவர், தனியாக நிற்கிறார். அருகில் அந்த அம்மா இல்லை. யோசித்தால், பல வாரமாகவே அந்தச் சின்னக் கை வரவில்லை. பழக்கதோஷத்தில் நான் பாட்டுக்கு இரண்டு கொடுத்திருக்கிறேன். அவரும் மறுக்காமல் இரண்டுக்கும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒரு டிக்கெட்டை நடத்துனருக்காகக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மா போய்விட்டாள். ஒன்று போதும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு டிக்கெட் வாங்குகிற வரைக்கும் இரண்டு பேர் என்று நினைத்துக்கொள்கிறார். ஐயோ, கடவுளே, ஒவ்வொரு வாரமும் நான்தான் அந்த மனுஷனின் புண்ணைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேருந்து கிளம்பியதும் கவுண்டரை மூடிவிட்டு மைக் அக்காவிடம் போய் அழுதேன். அவளும் சேர்ந்து அழுதாள். அழுதவள் கையில் மைக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சும்மா இருப்பாள்? மைக்கில் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் மத்தியானத்துக்குள் டீக்கடைக்காரர், ஓட்டுநர், நடத்துனர் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் திரும்பி வந்து இறங்கியபோது டீக்கடைக்காரர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்குங்க ஐயா" என்றார். அவர் தலையை ஆட்டினார். கொடுத்த டீக்குக் கடைக்காரர் காசு வாங்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் பக்கத்து இருக்கையில் யாரையும் உட்கார வைப்பதில்லை என்று நடத்துனர் முடிவு செய்திருக்கிறார். நம் ஆட்கள் இவ்வளவு நல்லவர்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஆனால் மகளே, நீ சொன்ன பார்வை எங்கே கொண்டுவந்து விட்டது என்று பார்த்தாயா? கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நிம்மதியாக இருந்தேன். முகத்தைப் பார்த்தேன், அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் உன் அப்பாவோ நானோ அப்படித் தனியாகக் கவுண்டரில் நிற்கப்போகிறோம். பக்கத்தில் நிற்க நீ இருக்கமாட்டாய். அதை நினைத்தால் உன் மலை, உன் மௌனம் எல்லாவற்றின் மேலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மழை விட ஆரம்பித்துவிட்டது. அப்பா எழுதிய தாள் அலமாரியில் இருக்கிறது. என் தாள் வராது. வந்துவிடு, கண்ணே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மா

*

என் செல்ல மகளுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. கிழிக்காவிட்டாலும் யாரிடமும் காட்டாதே. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது எனக்கு. அதே நேரம் சிரித்துச் சிரித்து விலாவும் வலிக்கிறது. இரண்டையும் சேர்த்து எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, வரிசையாகச் சொல்கிறேன்.

புதன்கிழமை காலை. கூட்டம் நல்ல கூட்டம். டக் டக் என்று தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. வரிசை தானாக விலகியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உருண்டையாக ஒரு முகம், நுனியில் சரிந்த மூக்குக்கண்ணாடி. அந்த முகத்துக்குப் பின்னால் அந்தப் பெரியவர், திருடி மாட்டிக்கொண்ட பையன் மாதிரி முழித்துக்கொண்டு நிற்கிறார். ஓட்டை வழியாக ஒரு சின்னக் கை உள்ளே வந்தது. மணிக்கட்டில் தழும்பு.

"யாரு என்னைக் கொன்னது?" என்று அந்த அம்மா கேட்டாள்.

நான் மைக் அக்கா பக்கம் திரும்பினேன். அவள் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். துரோகி!

நடந்தது என்ன தெரியுமா? அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. வீடு மூன்றாவது மாடியில். ஒருநாள் படியில் கால் தடுமாறியதிலிருந்து பயம் பிடித்துக்கொண்டு கீழேயே இறங்காமல் இருந்திருக்கிறாள். அவரை மட்டும் போய்வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். முதல் வாரம் நான் இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததும், பின்னால் கூட்டம் நெருக்கியதால் அவர் பேசாமல் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் சொல்லியிருக்கிறார். அவளுக்கு ஒரே சந்தோஷமாம். "பாத்தீங்களா, கவுண்டர்ல இருக்குற பொண்ணு என்னையும் கூப்பிடுறா. குடுத்தா வேண்டாம்னு சொல்லாதீங்க" என்றாளாம். அன்றிலிருந்து அவர் அந்த இரண்டாவது டிக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பார். வழியில் என்னென்ன பார்த்தார், ஏரியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உட்கார்ந்து சொல்லுவார். அந்தக் கண்ணீர்? கண்ணில் அறுவை சிகிச்சை செய்து சொட்டு மருந்து விட்டிருக்கிறார். மருந்தடி அது! டீக்கடைக்காரர் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னதும் கண்ணுக்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறார். டீக்கடையில் காசும் வாங்கவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்து நடத்துனர் வேறு அழுதார் என்று வீட்டில் போய்ச் சொன்னாராம். அந்த அம்மாவுக்கு அடுத்த நொடியே விளங்கிவிட்டது.

"நான் செத்துட்டேன்னு ஊரே பேசும்போது எப்படி வீட்டுலயே உக்காந்திருக்கிறது? அதான் இறங்கிட்டேன்" என்றாள். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறாள். கைப்பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு காகிதக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். எல்லாம் பழைய பச்சை டிக்கெட்டுகள். "இதெல்லாம் என்னோடது. காசு குடுத்து வாங்கினது. இன்னிக்கு எந்த பஸ்ல போகலாம்?" என்றாள். அதது அந்தந்த நாளைக்குத்தான் செல்லும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடத்துனரே ஓடி வந்து, "எல்லா பஸ்லயும் போகலாம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

எழுந்து வெளியே வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிச்சுக்குங்க என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அதற்குள் ஒலிபெருக்கியில் மைக் அக்காவின் குரல் கேட்டது. ஏரிக்கரை வண்டியில் ஒரு அம்மா மெதுவாக ஏறுகிறார், யாரும் அவசரப்படாதீர்கள், அவர் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று அறிவித்தாள். அழுகையும் சிரிப்புமாக அவள் சொன்னது பாதிதான் புரிந்தது, ஆனாலும் நிலையமே கை தட்டியது. "நீயும் வா, புள்ள" என்றாள் அந்த அம்மா. மேற்பார்வையாளர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் ஏறிவிட்டேன்.

ஏரிக்கரையில் ஒரு கல் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். காற்று அடிக்கும்போதெல்லாம் தண்ணீர் மேல் வெளிச்சம் ஓடிப்போய் அந்தக் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. ஒரு சின்னப் பறவை முங்கியது. இங்கேதான் எழும்பும் என்று நான் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது வேறெங்கோ போய் எழும்பியது. மறுபடி முங்கியது, மறுபடியும் நான் நினைத்த இடத்தில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா குழந்தை மாதிரிக் கை தட்டினாள். எனக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. தண்ணீர் இருக்கிறது, அந்தப் பறவை இருக்கிறது, செத்துப்போனவள் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டுகிறாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னேன், வாய்விட்டே சொன்னேன்.

திரும்பும்போது அந்த அம்மா ஒன்று கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான். "ஏம்மா, நீ அவர் கண்ணைப் பாத்த, பொத்தானைப் பாத்த. வீட்டுல அம்மா எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

பேருந்தில் வரும் வழியெல்லாம் அதுவே காதில் ஒலித்தது. கேட்கவில்லைதான். பார்க்கத் தெரிந்துவிட்டது என்கிற மிதப்பில், பார்த்த இரண்டு விஷயத்தை வைத்து ஒரு சாவையே கட்டி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கைகால்கூடக் கழுவாமல் உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து முதலிலிருந்து படித்தேன். இதுவரை நான் உன் கடிதங்களை எப்படிப் படிப்பேன் தெரியுமா? "வருகிறேன்" என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா என்று மட்டும் தேடுவேன். இல்லை என்றதும் மடித்து வைத்துவிடுவேன்.

இப்போதுதான் படித்தேன். மௌன நேரத்தில் உனக்கு விக்கல் வந்து, ஒருவருக்குப் பின் ஒருவராக எல்லாரும் சிரித்து அடக்க முடியாமல் வெளியே ஓடினீர்களாமே! முதல் தடவையாக நீயாகப் பயிரிட்ட கீரையைப் பறிக்க மனசு வராமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயாமே. உன்னோடு பேசவே மாட்டேன் என்று இருந்த சமையல்காரம்மா, உனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் இருந்ததை எழுதியிருக்கிறாய். எந்தக் கடிதத்திலும் ஒரு முனகல் இல்லை, ஒரு சலிப்பு இல்லை. இங்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது நீ சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாயே, அந்தப் பெண் இந்தக் கடிதங்களில் எங்கேயும் இல்லை. இத்தனை கடிதம் எழுதினேன், நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்று நான் ஒரு தடவையாவது கேட்டேனா? உயிரும் உடம்புமாக, இவ்வளவு நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு, அறையைச் சாத்தி வைத்து ஒரு வருஷம் துக்கம் கொண்டாடியிருக்கிறேன்.

எழுந்துபோய் உன் அறைக் கதவைத் திறந்தேன், ஜன்னலையும் திறந்தேன். உன் அப்பா பின்னாலேயே வந்து நின்று, "நான் இங்க உக்காரலாமா?" என்று பயந்துகொண்டே கேட்டார். உட்காருங்கள் என்றேன். உன் நாற்காலியில் உட்கார்ந்து, அரை நிமிஷத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். பாவம், அவருக்கும் உன்னைத் தேடியிருக்கிறது. என் சத்தத்துக்குப் பயந்து காட்டாமல் இருந்திருக்கிறார். அவர் தூங்குகிற முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரையும் நான் சரியாகப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது!

பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன், மகளே. இவ்வளவு சந்தோஷமாகத் தோற்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் முன்பே தோற்றிருப்பேன். முழு மனதோடு எழுத வேண்டும் என்கிறார்கள் அல்லவா, அதனால் எழுதுவதற்கு முன்னால் மனதைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. அது போகாது. அதையும் எடுத்து உள்ளே வைத்தால்தான் முழுசாகிறது, அதனால் அதையும் சேர்த்தே தருகிறேன்.

அங்கேயே இரு, கண்ணே. மனம் நிறைந்து இரு. நீ பார்க்கிற மரமும் மலையும் உன்னைத் திருப்பிப் பார்க்கட்டும். அடுத்த மாதம் நானும் அப்பாவும் உன்னைப் பார்க்க வருகிறோம். அழைத்துப்போக இல்லை, பார்க்கத்தான். அந்தச் சமையல்காரம்மாவை நான் பார்க்க வேண்டும். அப்புறம், சந்தோஷமாக இருக்கிறாயா? தெரியும். தெரிந்தும் கேட்கிறேன், பதில் எழுது.

என்றும் உன்
அம்மா

இத்துடன் அப்பா எழுதிய தாளையும், இல்லத்துக்கான என் தாளையும் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, நீயும் படித்துக்கொள்.

இல்லத்துப் பெரியவர்களுக்கு வணக்கம்.

என் மகள் உங்களோடு நிரந்தரமாக இருக்க எனக்கு முழு மனதோடு சம்மதம். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என் கைப்பட எழுதுகிறேன்.

அவளுக்குக் குளிர் ஆகாது. கேட்டால் குளிரவில்லை என்றுதான் சொல்லுவாள். பார்த்துக்கொள்ளுங்கள்.